பள்ளிச் சீருடை: நான்கு வழிகள், இரண்டு அங்குல மடிப்பு

பவானியில் அப்பா தையல் கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு முறை அவரை வீட்டில் பார்க்க முடியாது. தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் ஒன்று, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய பத்து நாள் இன்னொன்று. அளவு கொடுக்க வரும் அம்மாக்கள் எல்லாரும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள்: "வளர்ற புள்ளைங்க, கொஞ்சம் தாராளமா வெச்சுத் தைச்சிருங்க." அப்பா பேண்ட்டின் காலில் இரண்டு அங்குலம், பின்பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே மடித்து விடுவார். அடுத்த ஜூனில் அதே பேண்ட் திரும்பி வரும். தையலைப் பிரித்து இறக்கிக் கொடுப்பார். பிரித்த இடத்தில் பழைய மடிப்பு இருந்த பட்டை மட்டும் வெளுக்காமல் புதுநிறத்தில் நிற்கும். அந்தப் பட்டையைப் பார்த்தே யார் வீட்டில் இந்த வருடம் துணி எடுக்கவில்லை என்று வகுப்பில் கண்டுபிடித்துவிடுவோம். எனக்கும் அந்தப் பட்டை இருந்தது. தையல்காரர் மகளுக்குப் புதுத்துணி கிடைக்கும் என்பதெல்லாம் சும்மா.

இப்போது என் பிள்ளைகள் படிக்கும் உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். வரும் கல்வியாண்டிலிருந்து சீருடையை மாற்றுவதா, மாற்றினால் எப்படி என்று யோசிக்க ஏழு பேரைப் போட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. முடிவை ஜனவரிக்குள் சொல்ல வேண்டும். அப்போதுதான் மில்லுக்கு ஆர்டர் போய் மே மாதத்தில் துணி வந்து சேரும். எங்கள் முன்னால் நான்கு யோசனைகள் இருக்கின்றன. இதே இடத்தில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் மற்ற ஊர்ப் பெற்றோருக்கு உதவட்டும் என்று, நான் விசாரித்ததையும் கணக்குப் போட்டதையும் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதல் வழி, இப்போது நடப்பதுதான். ஒரு கடைக்காரரோடு பள்ளி பேசி வைத்திருக்கிறது. மே கடைசியில் இரண்டு நாள் பள்ளி வளாகத்தில் கட்டுக்கட்டாகத் தைத்த துணி வந்து இறங்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை, நேவி ப்ளூ பேண்ட், டை, பெல்ட், பள்ளிப் பெயர் நெய்த சாக்ஸ். ஒரு சனிக்கிழமை காலையில் வரிசையில் நின்றால் மதியத்துக்குள் வேலை முடிந்தது. இதைக் கேலி செய்ய மாட்டேன். மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்குத் துணிக்கடைக்கு ஒரு நடை, தையல்காரரிடம் மூன்று நடை என்பது இரண்டு நாள் கூலி. அசெம்பிளியில் ஆயிரம் பிள்ளைகள் ஒரே நிறத்தில் நிற்பது தலைமையாசிரியருக்கும் பெருமை.

ஆனால் ரெடிமேடு துணி இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது என்று தாவித் தாவித்தான் வரும். பிள்ளை இருபத்தேழில் இருந்தால் ஒன்று தொளதொள, இல்லை இறுக்கம். கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பிள்ளைக்கு இடுப்பு சரியாக இருந்தால் கால் தரையைக் கூட்டும். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, உள்ளே மடிப்பு இல்லை. காலைப் புரட்டிப் பார்த்தால் அரை அங்குலத்தில் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் இருக்க அடிக்கும் தையல்) அடித்து முடித்திருப்பார்கள். அரை அங்குலம் துணி மிச்சம் பிடித்தால் ஆயிரம் பேண்ட்டில் எவ்வளவு மிச்சம் என்பது தையல்காரர் மகளுக்குத் தெரியாதா. அந்த மிச்சத்தை அடுத்த ஜூனில் நாம் இன்னொரு பேண்ட் வாங்கி ஈடு கட்டுகிறோம். போன வருடம் என் மகள் அளவு மட்டும் தீர்ந்துபோய், மூன்று வாரம் பழைய உடுப்பில் போனாள். வாசலில் தினமும் அவளை நிறுத்திக் காரணம் கேட்டார்கள். கடைக்காரரை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கட்டம் போட்ட துணிதான் பூட்டு. வெறும் நீலச் சட்டையை எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் எடுக்கலாம். கட்டத்தில் ஒரு கோடு அகலமாக, இன்னொரு கோடு மஞ்சளாக வைத்து நெய்யச் சொல்லிவிட்டால், அந்தத் துணி அந்த ஒரு கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. டிசைன் எடுப்பாக இருக்கிறது என்று நாமே கைதட்டி ஒப்புக்கொள்கிறோம், அதோடு சாவியையும் கொடுத்துவிடுகிறோம். பள்ளிப் பெயர் நெய்த சாக்ஸும் இதே கதைதான்.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டுமல்ல. 2017 ஏப்ரலில் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. புத்தகம், நோட்டு, சீருடை விற்கிற வியாபாரத்தில் இறங்கக் கூடாது, குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இங்கிலாந்தில் 2021-ல் சீருடைச் செலவுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளி முத்திரை பதித்த உருப்படிகளைக் குறைக்க வேண்டும், பழைய சீருடை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அதன் கீழ் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. சீருடையின் தாய்வீடு என்று சொல்லத்தக்க நாடு அது. லண்டனில் 1552-ல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியின் நீல நீளக் கோட்டும் மஞ்சள் காலுறையும் இன்றும் இருக்கின்றன. ஏழைப் பிள்ளைக்குத் தர்மமாகக் கொடுத்த உடுப்பு பணக்காரப் பள்ளியின் அடையாளமாகி, கடைசியில் பெற்றோரின் பையைக் காக்கச் சட்டம் போடுகிற அளவுக்கு வந்து நிற்கிறது.

இரண்டாவது வழி: பள்ளி துணியை மட்டும் தரும், தைப்பது நம் பாடு. மில்லிலிருந்து மொத்தமாக எடுப்பதால் விலை இறங்கும், நிறம் மாறாது, அளவு அவரவர் உடம்புக்கு. மடிப்பும் விட்டுக்கொள்ளலாம்.

இந்த வழியை ஒரு நாடே பார்த்திருக்கிறது. இலங்கையில் 1993 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு சீருடையைத் துணியாகவே கொடுக்கிறது. இடையில் துணிக்குப் பதில் வவுச்சர் கொடுத்துக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், பிறகு மறுபடி துணிக்கே திரும்பினார்கள். பொருளாதாரம் படுத்த நேரத்தில், 2023-ல், தேவையான துணியில் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது. துணி இலவசம் சரி, தையல் கூலி? அதை வீடுதான் கொடுக்க வேண்டும். எங்கள் கமிட்டியில் இதைப் பேசும்போது எல்லாரும் துணி விலையைத்தான் கேட்டார்கள். கூலியை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சட்டைத் துணி 165 ரூபாய், கூலி 220. பேண்ட் துணி 190, கூலி 350. ஒரு செட் 925. இதில் கூலி மட்டும் 570. துணியைச் சும்மா கொடுத்தாலும் செலவில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது.

கடைக்காரரிடம் இரண்டு செட், டை, பெல்ட், சாக்ஸ் சேர்த்துப் போன ஜூனில் 2,850 கொடுத்தேன். இதையே துணி எடுத்துத் தைத்திருந்தால், டை வகையறாவுக்கு 300 வைத்தாலும் 2,150. மிச்சம் 700. இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடலா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். முதல் வருடக் கணக்கில் அவர் சொல்வது நியாயம். மடிப்பைப் பிரித்து இறக்கி இரண்டாவது வருடமும் போடும்போதுதான் வித்தியாசம் தெரியும். தவிர, 2,850-ஐ ஒரே சனிக்கிழமை கேட்பதுதான் வலி. ஃபீஸ், நோட்டு, பை, ஷூ எல்லாம் அதே வாரம். தையல்காரரிடம் ஒரு செட்டை ஜூனில், இன்னொன்றை ஆடியில் என்று பிரித்துக்கொள்ளலாம். கூலியில் கொஞ்சம் பாக்கியும் வைக்கலாம். அப்பாவின் கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் அப்படிப்பட்ட பாக்கிகள்தான்.

தைத்தே கொடுக்கும் முறையைத் தமிழ்நாட்டு அரசு பெரிய அளவில் நடத்துகிறது. 1985-ல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை என்று ஆரம்பித்தது. 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நான்கு செட். துணியை நெய்வது கூட்டுறவுச் சங்கங்களின் தறிகள், தைப்பது மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள். ஒரு திட்டம் இரண்டு இடத்தில் அடுப்பெரிய வைக்கிறது, அதற்காகவே அதை மதிக்கிறேன். கேரளம் 2017 முதல் கைத்தறியிலேயே சீருடைத் துணி நெய்து கொடுக்கிறது, அதுவும் இதே மாதிரி நல்ல யோசனை. அரசுச் சீருடையில் பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் குறை அளவு. வாங்கி வந்ததும் பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கிறார்கள். லட்சக்கணக்கில் தைக்கும்போது அது நடக்கத்தான் செய்யும். ஆயிரம் பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளிக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இரண்டாவது வழியின் உண்மையான சிக்கல் வேறு. தையல்காரர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் வீதியில் மூன்று கடை இருந்தது, இப்போது ஒன்று. அவரும் ஆல்டரேஷன்தான் அதிகம் எடுக்கிறார். மே மாதம் ஆயிரம் பிள்ளைகள் துணியோடு போய் நின்றால் ஆகஸ்டில்தான் கிடைக்கும். இதைக் கமிட்டியில் சொன்னது நான்தான். என் கட்சிக்கு எதிரான வாதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது வழி: பள்ளி நிறத்தை மட்டும் சொல்லும். மேலே வெளிர்நீலம், கீழே நேவி ப்ளூ, இரண்டும் கட்டமோ கோடோ இல்லாத வெறும் துணி. எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், தைக்கலாம், அண்ணன் போட்டதைத் தம்பி போடலாம். பள்ளியிடம் வாங்க வேண்டியது சட்டைப் பையில் தைக்கும் பேட்ஜ் மட்டும்.

கடைக்காரர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். "நேவி ப்ளூன்னு சொன்னா நாப்பது ப்ளூ வரும், பார்க்கச் சகிக்காது" என்றார். பொய் இல்லை. ராஜஸ்தானின் பில்வாராவில் இருந்து வரும் பேண்ட் துணி ஒரு நிறம், சூரத் துணி இன்னொரு நிறம், ஈரோட்டில் சாயம் போட்டது மற்றொன்று. ஒரே மில்லிலேயே ஒரு சாயத் தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் வித்தியாசம் வரும். ஆனால் நாற்பது நீலத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? பத்துத் துவைப்புக்குப் பிறகு ஒரே கடையில் வாங்கிய ஆயிரம் பேண்ட்டும் ஆயிரம் நிறமாகத்தானே இருக்கிறது. புதுசு பழசு தெரிவதைக் காட்டிலும், எல்லாமே கொஞ்சம் முன்பின் இருப்பது பிள்ளைகளுக்கு நல்லது. என் மடிப்புப் பட்டை அன்று கண்ணில் பட்டதற்குக் காரணம், மற்றதெல்லாம் ஒரே நிறமாக இருந்ததுதான்.

இதில் இன்னொரு நியாயமான பயம் உண்டு. வாங்குவதை அவரவர் வீட்டிடம் விட்டுவிட்டால், வசதியான வீட்டுப் பிள்ளை பிராண்டு சட்டையை அதே நீலத்தில் வாங்கி வருவான். வருவான்தான். இப்போதும் ஷூவிலும் வாட்ச்சிலும் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறான். சீருடை ஏற்றத்தாழ்வை மறைக்கும் என்பதைப் பாதிக்கு மேல் நான் நம்புவதில்லை. அது மறைப்பது சட்டை பேண்ட் அளவுக்குத்தான்.

நான்காவது வழி, சீருடையே வேண்டாம் என்பது. கமிட்டியில் ஒரு இளம் அப்பா இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சீருடை கிடையாது. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் 1994-ல் எட்டாம் வகுப்பு வரை சீருடையைக் கட்டாயமாக்கியது, பள்ளிகளில் அடிதடி குறைந்தது என்று அறிவித்தது. 1996-ல் அதிபர் கிளிண்டனே தன் ஆண்டுரையில் சீருடைக்காகப் பரிந்து பேசினார். இரண்டு வருடம் கழித்து பிரன்ஸ்மா, ராக்கமோர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து, வருகைப்பதிவிலோ நடத்தையிலோ சீருடையால் நேரடியாக எதுவும் மாறியதாகத் தெரியவில்லை என்றார்கள். ஆக, சீருடை போட்டால் ஒழுக்கம் வரும், மார்க் வரும் என்று யாராவது கூட்டத்தில் பேசினால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

ஆனால் நம் ஊரில் இந்த வழியை நான் எடுக்க மாட்டேன். காரணம் பிறந்தநாள். பிறந்தநாளன்று மட்டும் கலர் டிரஸ் போடலாம், வகுப்பில் சாக்லேட் கொடுக்கலாம் என்பது பல பள்ளிகளில் உள்ள வழக்கம். அன்று சீருடையிலேயே வந்து, யாரிடமும் சொல்லாமல், பிறந்தநாளை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். வருடத்தில் ஒரு நாளுக்கே இந்தப் பாடு. இருநூற்றுச் சொச்சம் நாளும் கலர் டிரஸ் என்றால் அந்தப் பிள்ளையின் காலை நேரம் எப்படியிருக்கும்?

பெண் பிள்ளைகளுக்கு என்ன உடுப்பு

எங்கு வாங்குவது என்பதைப் பற்றி ஒரு மாலை பேசினோம். பெண் பிள்ளைகளின் உடுப்புக்கு மூன்று மாலை ஆனது. ஆண் பிள்ளைகளின் பேண்ட்டைப் பற்றி யாரும் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

நான் படித்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தாவணி. காற்றடித்தால் ஒரு கை, மழை பெய்தால் இரண்டு கை, அதற்கே போய்விடும். விளையாட்டுப் பீரியடில் நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்தது சோம்பலால் இல்லை. பிறகு சுடிதார் வந்தது. அது பெரிய விடுதலையாகத்தான் இருந்தது. இப்போது என் மகள் போடுவது சுடிதார், மேலே கை இல்லாத ஓவர்கோட். சில பள்ளிகளில் கோட்டுக்குப் பதில் துப்பட்டாவை வி மாதிரி மடித்து இரண்டு தோளிலும் ஊக்குக் குத்துகிறார்கள். ஜூன் மாத வெயிலில், பாலியஸ்டர் சட்டைக்கு மேல் பாலியஸ்டர் கோட்டு. ஆண் பிள்ளைக்கு ஒரு அடுக்கு, பெண் பிள்ளைக்கு இரண்டு. மின்விசிறி ஓடாத நாளில் வகுப்பில் எந்தப் பக்கம் விசிறிக்கொள்கிறது என்று பாருங்கள்.

கமிட்டியில் வந்த யோசனைகள் மூன்று: பாவாடை சட்டையும் பினஃபோரும் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கட்டும், மேலே சுடிதார் தொடரட்டும் என்பது ஒன்று. எல்லாருக்கும் பேண்ட் சட்டை என்பது இன்னொன்று. சுடிதார், பேண்ட் இரண்டையும் அனுமதித்து வீட்டிடம் விட்டுவிடுவது மூன்றாவது.

பினஃபோர் சின்னக் குழந்தைகளுக்கு அழகுதான். கீழே உட்காரும்போது, சறுக்கு மரம் ஏறும்போது, காலை ஒடுக்கிக்கொள்ளச் சொல்லி அதட்டுவதும் அந்த உடுப்போடு சேர்ந்தே வருகிறது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி இதை யோசித்து, 2018 வாக்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழங்காலுக்குக் கீழே வரும் முக்கால் பேண்ட்டும் சட்டையும் என்று மாற்றியது. ஊரும் ஏற்றுக்கொண்டது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பேண்ட் சட்டை வந்தபோது சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. ஆண் பிள்ளையின் உடுப்பைப் பெண் பிள்ளை மேல் திணிப்பதற்குப் பெயர் சமத்துவமா என்று கேட்டார்கள். மறு வருடம் முதலமைச்சர் பினராயி விஜயன், அரசு இதை எங்கும் கட்டாயமாக்கப் போவதில்லை என்றார்.

எதிர்த்தவர்களின் கேள்வியில் ஒரு பாதி எனக்கு நியாயமாகப் படுகிறது. பேண்ட்டைக் கட்டாயமாக்குவதும் கட்டாயம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு சுடிதாரை மட்டும் கட்டாயமாகத் தொடர்வது எப்படிச் சரி? பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. துப்பட்டா சக்கரத்தில் சுற்றி விழுந்த பெண்ணை எனக்குத் தெரியும், கை எலும்பு கூட ஒன்றரை மாதம் ஆனது. கழிப்பறை விஷயமும் இருக்கிறது. நீண்ட டாப்ஸைத் தூக்கிப் பிடித்து, நாடா அவிழ்த்து, ஈரத் தரையில் படாமல் சமாளித்து, பத்து நிமிட இடைவேளைக்குள் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். இதைச் சொன்னபோது ஆண் உறுப்பினர்கள் தரையைப் பார்த்தார்கள். அதனால் அடுத்ததையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்: புதன்கிழமை வெள்ளை உடுப்பு வேண்டவே வேண்டாம். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் காரணம் சொல்வாள். மாதத்தில் ஏதோ ஒரு புதன் அந்த நாளில்தான் வந்து விழும். பின்பக்கத்தைத் தோழி சரிபார்த்துச் சொன்ன பிறகே எழுந்து நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளை கான்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்க்கும் வேலையும் இதோடு ஒழியும். இந்த ஒன்றில்தான் ஏழு பேரும் ஒரே மாதிரி கை தூக்கினோம்.

என் ஓட்டு மூன்றாவது யோசனைக்கு. நிறம் ஒன்று, உடுப்பு அவரவர் வசதி. ஓவர்கோட்டு போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆண் பிள்ளைக்கும் சின்ன வகுப்புகளில் முக்கால் பேண்ட் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும்.

உடுப்பில் சேராதவை

சீருடை விதி எழுதும்போது துணியோடு நிறுத்திக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. முடி, பொட்டு, ரிப்பன், கயிறு, கம்மல் என்று பட்டியல் நீளும். எங்கள் வரைவில் இரண்டரைப் பக்கம் இருந்தது. இதில் எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு எனக்குக் கிடைத்த வழி ஒன்றுதான்: அந்தப் பொருள் இன்னொரு பிள்ளையை நோக்கிப் பேசுகிறதா என்று பார்ப்பது.

கையில் கட்டும் வண்ணக் கயிறு அப்படிப் பேசுகிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் எந்த நிறம் எந்தச் சாதி என்பது பிள்ளைகளுக்குப் பாடமாகத் தெரியும். 2019-ல் கல்வித்துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது, அதற்கும் எதிர்ப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பையனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் மாணவர்களுக்குக் கூடாது என்று பரிந்துரைத்தது. வெட்டினவர்களும் வெட்டுப்பட்டவனும் ஒரே பள்ளி. சீருடை ஏற்றத்தாழ்வை மறைக்கும் என்று பேசுகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கயிற்றுக்குத் தடை எங்கள் விதியில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிடுங்கி எறியாமல், வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசிச் செய்ய வேண்டும். நெற்றிக் குறியில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது, எங்கள் ஊரில் பாட்டி வைத்துவிடும் திருநீறு சாதி சொல்வதில்லை.

தலையில் போடும் முக்காடு வேறு. வகுப்பில் முக்காடு கூடாது என்ற தகராறு உடுப்பியில் ஒரு கல்லூரியில் தொடங்கியது, 2022 பிப்ரவரியில் சீருடையை வற்புறுத்தும் கர்நாடக அரசின் ஆணையானது. மார்ச் 15-ல் உயர் நீதிமன்றம் ஆணையை ஆதரித்தது. அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு பக்கம் தீர்ப்பெழுதினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா ஆணை செல்லும் என்றார். நீதிபதி துலியா, அந்தப் பெண் படிக்க வருகிறாளா இல்லையா என்பதே பெரிய விஷயம் என்ற பக்கம் நின்றார். சட்டத்தில் எது சரி என்று நான் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் பத்துப் பதினைந்து பெண்கள் முக்காடோடு வருகிறார்கள், சீருடையின் நீலத்திலேயே தைத்துக்கொள்கிறார்கள். அதனால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வரைவில் அதைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எழுதாமல் விடுவதே நல்லது என்றேன். இல்லாத பிரச்சினைக்கு விதி எழுதினால், விதி போய்ப் பிரச்சினையைக் கூட்டி வரும்.

முடி? பையன்களின் பக்கவாட்டு முடியை அளந்துகொண்டிருக்க ஆசிரியர்களுக்கு நேரம் இருந்தால் அளக்கட்டும். ரெட்டை ஜடை, ரிப்பன் இரண்டும் பேன் தொல்லைக்கு நல்லது என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

துணி

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடும் கேள்வி. என்ன துணி?

ரெடிமேடு சீருடைச் சட்டையில் பரவலாக இருப்பது 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி கலந்தது. அப்பா காலத்தில் இதற்குப் பெயர் டெரிகாட்டன். சுருங்காது, சாயம் சீக்கிரம் போகாது, இரவில் துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். இரண்டே செட் வைத்திருக்கும் வீட்டில் மழைக்காலத்தில் இந்த ஒரு குணத்துக்காகவே அதைக் கும்பிடலாம். இஸ்திரி போடாமலும் தள்ளலாம். வியர்வையை மட்டும் உறிஞ்சாது. முழுப் பருத்தி உடம்புக்குச் சுகம். ஆனால் முதல் துவைப்பிலேயே சுருங்கும், கசங்கும், நீலம் வெளுக்கும், தினம் இஸ்திரி கேட்கும். இஸ்திரிக் கடையில் ஒரு உருப்படிக்கு என்ன கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பருத்தி கூடுதலாகக் கலந்த துணியும் கிடைக்கிறது. சட்டைக்கு அது, பேண்ட்டுக்கு அழுத்தமான பாலி விஸ்கோஸ் (பாலியஸ்டரும் விஸ்கோஸ் நூலும் கலந்தது), இதுதான் நான் கேட்டிருப்பது. எது எடுத்தாலும் மில்லில் துணி பேசும்போது கிராம் எடையையும் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) கலப்பு விகிதத்தையும் எழுதி வாங்க வேண்டும். மாதிரியில் ஒரு துணி, லாரியில் வேறு துணி என்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

ஆக, கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்தது இது. கட்டம் இல்லாத வெறும் நிறம். பேட்ஜ் மட்டும் பள்ளியில். டை வேண்டாம், சாக்ஸ் எந்தக் கறுப்பும் சரி. தையல்காரர் கிடைக்காதவர்களுக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் கடைக்காரர் வழக்கம்போல மே மாதம் வந்து விற்கட்டும், ஆனால் அவரிடம்தான் வாங்க வேண்டும் என்பது கிடையாது. பேண்ட் காலில் இரண்டு அங்குல மடிப்பு விட்டுத் தைத்தால்தான் வளாகத்துக்குள் இடம். பரீட்சை முடிந்த வாரத்தில் சின்னதாகிப்போன சீருடைகளைத் துவைத்துக் கொண்டுவந்து ஒரு அறையில் வைப்பது, வேண்டியவர்கள் பெயர் எழுதாமல் எடுத்துக்கொள்வது. மாற்றத்துக்கு இரண்டு வருடம் அவகாசம், அதுவரை பழைய கட்டச் சட்டையும் செல்லும். இந்தக் கடைசி வரிக்குத்தான் தலைமையாசிரியர் முகம் சுளித்தார். அசெம்பிளி போட்டோவில் இரண்டு நிறம் விழுமாம்.

மில்லில் மூன்று மாதிரித் துணி வாங்கி, என் பையனுக்கு மூன்று சட்டை தைத்தேன். அப்பாவின் மிஷினில்தான். எது என்ன துணி என்று காலரின் உள்பக்கம் நூலால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன், அவனிடம் சொல்லவில்லை. இதுவரை பதினோரு துவைப்பு ஆகியிருக்கிறது. பாலியஸ்டர் கூடுதலாக உள்ளது அப்படியே புதுசாக இருக்கிறது. பருத்தி ஒரு விரற்கடை சுருங்கி, தோளில் வெளுத்து, பார்க்கப் பாவமாக இருக்கிறது. சாயந்திரம் கிரிக்கெட் ஆடப் போகும்போது கொடியிலிருந்து அவன் உருவிக்கொண்டு ஓடுவது ஒவ்வொரு நாளும் அந்தப் பாவப்பட்ட சட்டையைத்தான்.